ஒன்பது அங்குலம், ஒரு நூல்

நம்பாதவர்கள் ஒரு டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய் அளந்து பார்த்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஊர் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் ஏ, பி, சி என்று மூன்று பிளாக்குகள் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கும். அதைக் கட்டிய காண்டிராக்டர் அதற்கு முன் கடலில் அலைதடுப்புச் சுவர் மட்டுமே கட்டிப் பழகியவர், செங்கல் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது, ஆகையால் படுக்கையறைக்கும் கான்கிரீட், குளியலறைக்கும் கான்கிரீட், சாமி படம் மாட்டுகிற சுவருக்கும் கான்கிரீட் என்று கொட்டிவிட்டுப் போய்விட்டார், அந்தக் குடியிருப்பில் ஆணி அடிக்கப் போய்க் கட்டைவிரலை நசுக்கிக்கொள்ளாத குடும்பத் தலைவரே கிடையாது.

பி பிளாக் மூன்றாம் மாடியில் கடைசி வீடு இன்னாசியுடையது. துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர், தொண்ணூறு அடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கீழே நிற்பவன் காட்டுகிற கைஜாடைக்குத் தலையை ஆட்டி ஆட்டியே பாதிப் பேச்சை மறந்தவர். அவருக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் கிரேனுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்டு திரும்பிப் போனார்கள், அப்படியே கல்யாண வயசும் அவர்களோடு போய்விட்டது. ஓய்வு பெற்று இறங்கி வந்தபோது பேச ஆளும் இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. இருந்தது பக்கத்துச் சுவர் ஒன்றுதான்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சி பிளாக். அங்கே சண்முகக்கனி என்று ஒரு பெண், லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிற புருஷன், மூன்று பெண்பிள்ளைகள், ஒரு கொழுந்தன், ஆக ஆறு பேர் இரண்டு அறைக்குள் இடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் இன்னாசி அவர்கள் ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை, படிக்கட்டு வேறு, வாசல் வேறு. ஆனால் கண்ணாடி முன்னால் யார் முதலில் நிற்பது என்று மூத்தவளும் நடுவிலவளும் போடுகிற சண்டை தெரியும், கொழுந்தன் குறட்டை தெரியும், காலை ஆறு மணிக்கு "ஏளா, எந்திரிங்களா, வெயிலு முதுகுல அடிக்கி!" என்கிற சண்முகக்கனியின் குரலில்தான் அவரும் எழுந்தார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பதினொன்றரை மணி குக்கர். சோற்றுக்கு நாலு விசில் என்பது அந்த வீட்டுக் கணக்கு, அந்த அம்மாளுக்கோ எண்ணிக்கை நிற்காது. "எத்தன விசில் ஆச்சு?" என்று வீடு முழுக்கக் கேட்பாள். ஒருத்தி மூணு என்பாள், ஒருத்தி அஞ்சு என்பாள், கொழுந்தன் "குக்கரையே கேளுங்க மயினி" என்பான். சரியான எண்ணிக்கை தெரிந்த ஒரே ஆள் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தார். "நாலு" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு, அதற்கப்புறம்தான் தன் அடுப்பைப் பற்றவைப்பார்.

தை பிறந்து மூன்றாம் நாள் பதினொன்றரைக்கு, அந்தச் சுவர் ஒரு விரற்கடை, அதாவது முக்கால் அங்குலம், உள்ளே வந்தது.

உப்பு மூட்டையைத் தரையில் இழுப்பது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாளும் அதே நேரம், அதே சத்தம், அதே ஒரு விரற்கடை. வீட்டின் நீளம் குறையவில்லை, அகலம்தான் குறைந்தது, வாசல் கதவும் ஜன்னலும் சுவரோடு மரியாதையாக ஒடுங்கிக்கொண்டன. முப்பத்தொரு வருஷம் நாலடிப் பெட்டிக்குள் இருந்தவருக்குப் பதினோரு அடி ஹால் எப்போதுமே கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது, ஆகையால் மாசி பாதி வரைக்கும் அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

குடியிருப்போர் சங்கம் கூடியது. செயலாளர் தனுஷ்கோடி ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, எதையும் விதிப்புத்தகம் பார்த்தே செய்கிறவர். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, குடியிருப்பவர் சுவரை நகர்த்தக் கூடாது என்று இருக்கிறது, சுவர் தானாக நகரக் கூடாது என்று எங்கும் இல்லை என்று அறிவித்தார். ஏ பிளாக் பெண்கள், சாமான் இல்லாத வீட்டில்தான் சுவர் நகரும் என்று முடிவு கட்டி ஆளுக்கொரு இரும்புப் பீரோ வாங்கிச் சுவரோடு சாத்தி வைத்தார்கள். மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், வாஸ்து பார்ப்பவர் ஒருவர் வந்து, சுவர் நல்ல திசையில்தான் நகர்கிறது, கவலை வேண்டாம் என்றார். இன்னாசியின் கட்டில் சங்க அலுவலகத்துக்குப் போயிற்று, சாப்பாட்டு மேசை இரண்டாம் மாடிக்கு, பீரோ கீழ்வீட்டுக்கு. வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள், இடம் கிடைத்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். வைகாசியில் அவர் பாயில் ஒருக்களித்துப் படுத்தார், ஆனி பிறந்ததும் புரண்டு படுக்க வேண்டுமென்றால் எழுந்து, வராந்தாவுக்குப் போய்த் திரும்பி, மறுபக்கமாக உள்ளே வந்து படுக்க வேண்டியிருந்தது. பால்காரர் பக்கவாட்டில் பாக்கெட்டை நீட்டப் பழகிக்கொண்டார். சனங்களுக்கு எது வந்தாலும் இரண்டு மாதம்தான் ஆச்சரியம், மூன்றாவது மாதம் அது முகவரி ஆகிவிடுகிறது, "அந்தச் சுவர் நகருற வீட்டுக்கு மேல்வீடு" என்றே கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களுக்கு வழி சொன்னார்கள்.

இன்னாசியிடமிருந்து போன இடம் எங்கே போகும்? சி பிளாக்குக்குத்தான் போயிற்று. தனுஷ்கோடி தினமும் வந்து வாசலில் நின்று அதைச் சொன்னார்.

"வே இன்னாசி, அங்க அடிக்கு ஒரு தடவ பால் காய்ச்சுதாவவே. ஒரு அடி கூடுனா ஒரு பால் காய்ச்சு. எட்டுத் தடவ காய்ச்சியாச்சு. எனக்கு ரெண்டு தடவ சீனி கூடிப்போச்சு."

"குடிச்சீரா?"

"கூப்பிட்டா போகாம முடியுமா? நீரு போயிக் கேக்க வேண்டியதுதான. கதவத் தட்டி, எம் இடத்தக் குடுங்கன்னு."

மாட்டேன் என்று இன்னாசி தலையை ஆட்டினார். கதவைத் தட்டினால் இடத்தைக் கேட்க வந்ததாகத்தான் நினைப்பார்கள். அவருக்கு இடம் வேண்டாம். அவருக்கு வேண்டியது வேறு, அதை எந்தக் கதவில் போய்க் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சுவர் பக்கத்தில் வர வர அந்தப் பக்கத்துச் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் குறட்டை போயிற்று, பிறகு கண்ணாடிச் சண்டை, சித்திரை வெயிலில் காலை ஆறு மணிக் குரல். சித்திரை கடைசியில் ஒருநாள் பதினொன்றரைக்குக் குக்கர் கூவியது, கேள்வி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர் காதைச் சுவரில் ஒட்டிவைத்து நின்றார், கான்கிரீட் கடல் மாதிரி உம்மென்று இருந்தது.

"எல்லாம் சுகமா இருக்காவளா அங்க?" என்று தனுஷ்கோடியிடம் கேட்டார்.

"அவங்களுக்கென்னவே! ஆளுக்கொரு ரூமு. மூணு பொண்ணுக்கும் தனித்தனி, கொழுந்தனுக்குத் தனி. ரூமுக்கு ரூமு கதவு. ஒருத்தர ஒருத்தர் பாக்கதே சாப்பாட்டுக்குத்தான், அதுவும் தட்ட எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போயிருதாவ. அந்த அம்மா அடுப்படியில கிடந்து கத்துனா கடைசி ரூமுக்குக் கேக்காது. இப்பக் கத்துததும் இல்ல."

அன்று முழுவதும் இன்னாசி தன் ஒடுங்கிய வீட்டில் நின்றபடியே யோசித்தார். அவர் வீட்டிலிருந்து போன இடம் சும்மா போகவில்லை, பன்னிரண்டு வருஷம் யாரும் பேசாத இடம், அந்த மௌனத்தையும் சுமந்துகொண்டு போய் அந்த வீட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டது என்று அவருக்குப் பட்டது. அதைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் சுவரில் ஒரு துளை, விரல் பருமனுக்கு ஒரே ஒரு துளை இருந்தால், எத்தனை விசில் என்கிற அந்தக் கேள்வியை இன்னொரு முறை காதில் வாங்கிவிடலாம்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வீட்டை அளந்தார், பதிமூன்றே கால் அங்குலம். அளந்த கையோடு பாளையங்கோட்டை ரோட்டில் கருத்தையா ஹார்டுவேர்ஸுக்குப் போனார்.

கருத்தையா கல்லாவில் உட்கார்ந்து திருகாணியால் காது குடைந்துகொண்டிருந்தார். "அந்தச் சுவர் வீட்டு அண்ணாச்சியா? வாங்க வாங்க. டிரில்லா? செவுரு செங்கலா, கான்கிரீட்டா?"

"கான்கிரீட். மூணு அங்குலம்."

"இடம்?"

"பதிமூணே கால்."

"அடியா?"

"அங்குலம்."

கருத்தையா திருகாணியைக் கீழே வைத்தார். வியாபாரம் என்றால் அவருக்கு மரியாதை உண்டு, சிரிக்கவில்லை. முதலில் ஒரு பெரிய மெஷினைத் தூக்கி மேசையில் வைத்தார், மேசை முனகியது. "இது எரும. பாலத்தயே ஓட்ட போடும். உங்க வீட்டுக்குள்ள இது போனா நீங்க வெளியதான் நிக்கணும்." அடுத்து ஒன்று. "இது சாதா டிரில், இம்பாக்ட்டுன்னு ஒரு பொத்தான் இருக்கு. செங்கலுக்குச் சரி. கான்கிரீட்டுக்கு இது கிச்சுகிச்சு மூட்டுத மாதிரி, ரெண்டு நாளு மூட்டிட்டு பிட்டு முனை மழுங்கிக் கருத்துப்போகும்." மூன்றாவதாக முழங்கை மாதிரி மடங்கிய ஒன்று. இன்னாசி ஆசையாகக் கை நீட்டினார், கருத்தையா தட்டிவிட்டார். "இத எல்லாரும் ஆசப்படுவாவ. மூலைக்குள்ள போகும், சந்துக்குள்ள போகும். ஆனா இது சுத்தும், குத்தாது. மரத்துக்கு ராசா. கான்கிரீட்டுக்குச் சுத்துனா பத்தாது அண்ணாச்சி, உள்ளுக்குள்ள ஒரு சுத்தியலு இருந்து அடிச்சுக்கிட்டே சுத்தணும்."

கடைசியில் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி மெஷினை எடுத்தார். கழுத்துக் குட்டை, உடம்பு உருண்டை, வயருக்குப் பதிலாகப் பேட்டரி. "ரோட்டரி ஹேமரு. சாதியில சின்னது. சுத்தவும் செய்யும், குத்தவும் செய்யும். நீளம் ஒம்பது அங்குலம். சந்துக்குள்ள வயரு கால்ல சுத்தாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிடுங்க, மூக்குல ஈரத்துணி."

சிமெண்டு வாங்க வந்த ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் டேப்பை எடுத்து இன்னாசியின் மார்பிலிருந்து முதுகுக்கு அளந்தார். "ஆளும் ஒம்பதுதான் அண்ணாச்சி."

"மெஷினும் ஒம்பது, ஆளும் ஒம்பது," என்றார் கருத்தையா. "ரெண்டுல எது முதல்ல நசுங்குதுன்னு பாக்கணும்."

பதிமூன்றே காலில் ஒன்பது போக நாலே கால் மிச்சம் என்று கணக்குப் போட்டபடி இன்னாசி திருப்தியாக வீடு திரும்பினார். அதற்குள் பதினொன்றரை தாண்டிவிட்டது, வீடு பன்னிரண்டரை ஆகியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. துளைபோடுகிற கம்பியான பிட்டை மாட்டி, காது மட்டத்துக்கு மெஷினைத் தூக்கிச் சுவருக்கு நேராக வைக்கப் போனபோதுதான், கிரேன் கொக்கியின் நீளத்தைக் கயிற்றோடு சேர்த்து அளக்கத் தெரிந்த மனுஷன், டிரில்லை அளக்கும்போது பிட்டைச் சேர்க்க மறந்துவிட்டது தெரிந்தது. பிட் வெளியே ஐந்து அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. மொத்தம் பதினாலு. எப்படிச் சாய்த்தாலும் நேராக நிற்கவில்லை.

மறுபடி கடை. கருத்தையா இந்த முறை சிரித்தார், சிரித்துக்கொண்டே டப்பாவைக் கிளறி ஒரு குட்டை பிட்டை எடுத்தார். "நாலு நூல் பருமன், அதாவது அரை அங்குலம். மெஷினுக்கு வெளிய மூணரைதான் நிக்கும். செவுரு மூணுதான, தாராளம். ஆனா அண்ணாச்சி, ஒம்பதும் மூணரையும் பன்னெண்டரை. வச்சா சரியா இருக்கும். எங்கனக்குள்ள நின்னு தள்ளுவிய?"

அதற்குப் பதில் இன்னாசிக்கு அன்று சாயங்காலம் கிடைத்தது. பிட் முனை நகருகிற கிழக்குச் சுவரில், மெஷினின் முதுகு மேற்குச் சுவரில், நடுவில் ஒரு தபால் அட்டை நுழைய இடமில்லாமல் அது தானாகவே நின்றது. பக்கத்தில் ஒருக்களித்து நின்றுகொண்டு அவர் அதையே பார்த்தார். நான் ஏன் தள்ள வேண்டும், நாளைக்குப் பதினொன்றரைக்குத்தான் தள்ளுகிறவன் வருவானே.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு உப்பு மூட்டைச் சத்தம் கேட்டதும் விசையை அழுத்தினார். மெஷின் குத்திச் சுற்றியது, சுவர் தன் வழக்கப்படி வந்தது, வந்த அளவுக்குப் பிட் உள்ளே போயிற்று. முக்கால் அங்குலம். வீடு பதினொன்றே முக்கால். புதன்கிழமை பதினொன்று, வியாழன் பத்தே கால். அவர் தூசியில் வெள்ளைப் பிசாசு மாதிரி நின்று, எதிராளியின் பலத்தை எதிராளிக்கே செலவழித்துக்கொண்டிருந்தார். கீழே ஆட்கள் கூடி அண்ணாந்து பார்த்தார்கள், தனுஷ்கோடி மணி பார்த்துக் குறித்துக்கொண்டார், ஏ பிளாக்கில் பீரோக்களை இன்னும் ஓர் அங்குலம் உள்ளே தள்ளினார்கள்.

வெள்ளிக்கிழமை சுவர் வந்து நின்றபோது பிட்டின் முன்னால் ஒன்றுமில்லாமல் போனது கைக்குத் தெரிந்தது. வீடு ஒன்பதரை. மெஷினின் கழுத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிட்டை விரல் நுனியால் முன்னுக்குத் தள்ளினார், அது அந்தப் பக்கம் மெத்தென்று எதன் மேலோ விழுந்தது. மெஷினைக் கழற்றி, தலையை மட்டும் திருப்பி, துளையில் காதை வைத்தார்.

ஒன்றுமில்லை. எங்கோ ஒரு மின்விசிறி, எங்கோ ஒரு குழாய்ச் சொட்டு. கண்ணை வைத்துப் பார்த்தார். பெரிய அறை, கோயில் மண்டபம் மாதிரி, அதன் மறுகோடியில் ஓர் அடுப்பு, அடுப்புக்கு முன்னால் முதுகு காட்டிக்கொண்டு ஒரு பெண். அவர் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். குக்கர் கூவியது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் யாரையும் கேட்கவில்லை. கையை நீட்டி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். மூன்றோடு அணைத்துவிட்டாளே, சோறு நரநரவென்று இருக்குமே என்று இன்னாசி தவித்தார். கூப்பிட நினைத்தார், கிரேன் பெட்டிப் பழக்கத்தில் தலைதான் ஆடியது.

சனிக்கிழமை காலை முதல் தனுஷ்கோடி வாசலில் நின்றார், உள்ளே வர அவர் வயிறு விடவில்லை.

"வெளிய வாரும்வே. இன்னைக்கு நகந்தா எட்டே முக்கால். நீரு ஒம்பது. எனக்குக் கணக்குத் தெரியும்."

"வாரேன்."

"எப்ப வாரீரு? ஓட்டதான் போட்டாச்சுல்லா?"

"ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு. கேட்டுட்டு வாரேன்."

"வந்து வெளிய நின்னு கேளும்! ஏ மனுஷா!"

பதினொன்று இருபத்தைந்து. கீழே மூன்று பிளாக்கும் கூடி நின்றது. வெளியே போய்விட்டால் உயிர் நிச்சயம், அது இன்னாசிக்குத் தெரியும். வெளியே போனால் திரும்ப உள்ளே நுழைய வீடு இருக்காது, துளையும் இருக்காது என்பதும் தெரியும். காதைத் துளையில் வைத்து, கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

பதினொன்றரை. மூட்டை இழுபடத் தொடங்கியது. அதே நேரம் குக்கர் கூவியது. ஒன்று. சுவர் அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டது. இரண்டு. கேளு தாயி, ஒரே ஒரு தடவை கேளு. மூன்று. முதுகில் மேற்குச் சுவர் குளிர்ந்தது, மூச்சை உள்ளே இழுத்தவருக்கு வெளியே விட இடம் தேட வேண்டியிருந்தது. நாலு. அவள் கேட்கவில்லை. அணைக்கவும் இல்லை. இன்றைக்கு அவள் எதையுமே எண்ணவில்லை என்பது இன்னாசிக்குப் புரிந்தது. வெறுமனே நின்றுகொண்டிருக்கிறாள், குக்கர் கூவிக் கூவித் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கிற வரைக்கும் அப்படியே நிற்பாள்.

வாயைத் துளையில் வைத்து, மிச்சமிருந்த மூச்சு அத்தனையையும் கூட்டி, முப்பத்தொரு வருஷத்தில் கீழே நின்ற எவனையும் பார்த்துக் கத்தாத கத்தலாக, அவர் கத்தினார்.

"நாலு!"

மூட்டைச் சத்தம் நின்றது.

துளைக்கு அந்தப் பக்கம் அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெரிய அறையைக் கடந்து காலடிகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன.

"யாரு எண்ணுனது?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

"பக்கத்து வீடு."

"அங்க ஆளு இருக்கா?" என்றாள் சண்முகக்கனி. குரலில் கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

இன்னாசி கொஞ்சம் யோசித்தார். "இருக்கு," என்றார்.

அன்றைக்கு தனுஷ்கோடி டேப்பை வாசலில் நின்றபடியே நீட்டி அளந்ததில் ஒன்பது அங்குலமும் ஒரு நூலும் இருந்தது. இன்றைக்கும் அதேதான். போன இடத்தில் ஒரு நூல்கூடத் திரும்பி வரவில்லை, கட்டிலும் மேசையும் போன வீடுகளிலேயே இருக்கின்றன, புரண்டு படுக்க இன்றைக்கும் அவர் வராந்தாவுக்குப் போய்த்தான் வர வேண்டும். அவரும் படிக்கட்டு இறங்கி அந்தப் பக்கம் போகவில்லை, அவளும் இந்தப் பக்கம் வரவில்லை. பெண்பிள்ளைகள் அவரவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பதினொன்றரைக்குக் குக்கர் கூவும். காலடிகள் அறையைக் கடந்து வந்து, அவர் காதுக்கு நேராக நிற்கும்.

"அண்ணாச்சி, எத்தன ஆச்சு?"

"ரெண்டு. இன்னும் ரெண்டு இருக்கு."

அந்த இரண்டு விசில் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் சுவருக்கு இரண்டு பக்கமும் பேசாமல் நிற்பார்கள்.